கோடித்துணிச் சுங்குடி

வைகைக்குத் தெற்கே, கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு கொலைகாரனின் சட்டையில் நிறம் பூத்த காலம் ஒன்று இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். சட்டையின் நிறத்தைப் பற்றிக் கேட்டால் காபி கொடுத்து உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசுவார்கள். கொலையைப் பற்றிக் கேட்டால் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

சுங்குடிக்காரர்கள் தெரு அது. வீட்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு பாஷை, வாசலுக்கு வந்தால் மதுரைத் தமிழ். பெண்கள் துணியில் முடிச்சுக் கட்டினார்கள், ஆண்கள் சாயம் தோய்த்தார்கள். வெள்ளைத் துணியை நகத்தால் ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி, ஒரு முடிச்சு, அடுத்து ஒரு முடிச்சு என்று சேலை முழுக்கக் கட்டிச் சாயத்தில் முக்கினால், முடிச்சுக்கு வெளியே இருப்பதெல்லாம் சாயம் குடிக்கும், முடிச்சுக்குள் இருப்பது குடிக்காது, அவிழ்த்துப் பார்த்தால் நட்சத்திரம் கொட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. நல்ல சேலையை முடிச்சோடுதான் விற்பார்கள். வாங்கினவள் வீட்டுக்குக் கொண்டுபோய், ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, பொரி பொரிவதுபோல் பட்பட்டென்று முடிச்சுத் தெறிக்க, சுருங்கிக் கிடந்தது விரிந்து ஆறு கெஜமாவதைப் பார்த்துப் பூரித்துப்போவாள். கட்டினவள் அவிழ்க்கக் கூடாது, துணிக்கு உரியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பது அந்தத் தெருவின் சட்டம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தெருவுக்குப் பின்னால் ஒரு பொட்டல். காலங்காலமாகச் சாயத்துணி காயப்போடும் இடம். நல்ல வெயில் நாளில் கோபுரத்தின் மேலேறி நின்று பார்த்தால் ஊருக்கு நடுவில் யாரோ ஒரு வானவில்லைப் பிழிந்து விரித்த மாதிரி இருக்குமாம். அந்தப் பொட்டலில் கல்யாண மண்டபம் கட்டினால் எப்படியிருக்கும் என்று வெயில்முத்து யோசித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வெயில்முத்துவுக்கு அப்போது கட்சியில் பதவி என்று ஒன்றும் கிடையாது. வெள்ளை வேட்டியும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் இருந்தன, பின்னால் நாலு தடியன்கள் இருந்தார்கள். மடிப்புக் கலையாமல் நடக்கத் தெரிந்தவனுக்கு நம் ஊர் தானாக வழி விடும். ஆள் பாதி ஆடை பாதி என்று சும்மாவா சொன்னார்கள்?

எல்லோரும் வழி விட்டார்கள், சாயப்பட்டறை கோவர்த்தனன் மட்டும் விடவில்லை. சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர், தினமும் காலையில் போய்ப் பொட்டலில் துணியை விரித்துவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான். ஒரு நாள் உச்சிவெயிலில் அவரைப் பொட்டல் ஓரத்துச் சாயத்தொட்டியில் தலைகுப்புறக் கண்டெடுத்தார்கள். வழுக்கி விழுந்துவிட்டார் என்று காகிதத்தில் எழுதினார்கள். இடுப்பளவுத் தொட்டியில் வழுக்கி விழுகிறவனுக்கு நெஞ்சிலும் விலாவிலும் பின்மண்டையிலும் காயம் எப்படி வந்தது என்று தெருவில் ஒரு நாக்கும் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்? அன்று மத்தியானம் பொட்டல் பக்கம் சன்னல் வைத்திருந்த வீடுகளெல்லாம் சன்னலைச் சாத்திக்கொண்டன என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரியும்.

இழவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்தவன் வெயில்முத்துதான். கொலைகாரனுக்கு எப்போதும் மரியாதை தெரியும். புதுத்துணி வாங்கி வந்திருந்தான், நாலு முழ வேட்டி, பால் மாதிரி வெள்ளை. அதைப் பிரித்துப் பிணத்தின் மேல் கோடியாகப் போர்த்தி, கைகூப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, செத்தவரின் பெண்டாட்டி யமுனாபாயைப் பார்த்து, "தங்கச்சி, இனிமே ஒனக்கு அண்ணன் நான் இருக்கேன்" என்றான். யமுனாபாய் அவனைப் பார்க்கவில்லை. அவள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டித் துடைத்த உடம்பிலிருந்து இன்னும் கசிந்துகொண்டிருந்த ரத்தம் அந்த வெள்ளையில் ஒவ்வொரு புள்ளியாக முளைத்துக்கொண்டிருந்தது. தூக்குகிற நேரத்தில் அவள் விழுந்து அழுவதுபோல் விழுந்து அந்தத் துணியை உருவிச் சுருட்டி வயிற்றோடு வைத்துக்கொண்டாள். துக்கத்தில் பெண்கள் எதையாவது பிடித்துக்கொள்வது சகஜம் என்று விட்டுவிட்டார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். வெயில்முத்து செத்துப்போக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, சாவு ரொம்பச் சின்ன விஷயம், அது கோவர்த்தனனுக்கே கிடைத்துவிட்டது. அவன் தன் வாயால், ஊர் கேட்க, என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நெடுநாள் இருக்க வேண்டும். இதை அவள் எந்தச் சாமியிடமும் போய்ச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, துணியை மடியில் விரித்து, ஒவ்வொரு ரத்தப் புள்ளியையும் கிள்ளி எடுத்து நூல் சுற்றி முடிச்சுப் போட்டாள். நெஞ்சில் இருந்ததை நெஞ்சு என்று சொல்லிக் கட்டினாள், விலாவில் இருந்ததை விலா என்று சொல்லிக் கட்டினாள், தலைமாட்டில் இருந்த பெரியதை வெயில்முத்துவின் பேர் சொல்லிக் கட்டினாள். பிறகு பட்டறைக்குப் போய்ப் புருஷன் கலந்து வைத்திருந்த மஞ்சளில் தோய்த்தாள், சிவப்பில் தோய்த்தாள், நீலத்தில் தோய்த்தாள். நனைந்து சுருங்கிப் பூசணிப் பிஞ்சு அளவுக்கு ஆகிவிட்ட அந்த மூட்டையை அவிழ்க்காமல் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் வெயில்முத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தோள்பட்டையில் மஞ்சள் பூத்தது. வியர்வை ஊறுகிற மாதிரி ஊறியது, அவன் தட்டிவிடுவதற்குள் முதுகுக்கு இறங்கிச் சிவப்பானது, இடுப்புக்கு வந்து நீலமானது, நடுநடுவே மாசிலாத வெள்ளைப் புள்ளிகள் கண்ணைத் திறந்துகொண்டன. உள்ளே போய் வேறு சட்டை மாற்றி வந்தான், நிலையைத் தாண்டுவதற்குள் அதுவும் பூத்தது. வேட்டியும் பூத்தது, துண்டும் பூத்தது. இஸ்திரிக்காரர் தூக்கி வந்த சட்டைகளை முகர்ந்து பார்த்து, துணியில் குற்றமில்லை, போடுகிற உடம்பில்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் வெயில்முத்து கதவைச் சாத்திக்கொண்டு வெற்றுடம்போடு வீட்டுக்குள் நடந்தான். கட்சியில் அவனைக் கிளி என்றார்கள், பொம்மலாட்டம் என்றார்கள். புள்ளி போட்ட சட்டையோடு மிரட்டினால் யார் பயப்படுவார்கள்? டீக்கடையில் தெரு சிரித்த சிரிப்பு யமுனாபாய் வீட்டுக்குக் கேட்டது. அவள் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாள், கிடைத்தது பூப்போட்ட சட்டை. ஆனாலும் வெட்கம் நல்ல விஷம்தான், மெதுவாக வாயைத் திறக்க வைக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அன்றைக்குச் சேமியாப் பாயசம் வைத்துக் குடித்தாள்.

பாயசத்தின் இனிப்பு நாக்கை விட்டுப் போவதற்குள் காற்று திசை மாறியது. வெயில்முத்துவின் பெண்டாட்டி கழித்துக்கட்டிய சட்டைகளைக் குப்பையில் போட்டாள், எதிர்வீட்டுக்காரி ஒருத்தி அதில் ஒன்றை எடுத்து அலசி வெட்டி ரவிக்கை தைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள், போனவள் திரும்பி வர ராத்திரியாகிவிட்டது. வழியெல்லாம் பெண்கள் அவளை நிறுத்தி முழங்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு மஞ்சளை யாரும் பார்த்ததில்லை, பழுத்த மாம்பழத்தைப் பிட்டால் உள்ளே தெரியுமே அந்த மஞ்சள். அந்தச் சிவப்பைப் பார்த்தால் தாகம் எடுத்தது. சோப்பில் துவைத்தார்கள், வெள்ளாவியில் வைத்தார்கள், நிறம் இம்மியளவு இறங்கவில்லை. சாயப்பட்டறைக் கிழவர்களே ரவிக்கைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது மனுஷக் கை போட்ட சாயம் இல்லை, ஆனால் போட்டிருந்தால் நாங்கள்தான் போட்டிருப்போம் என்று பெருமூச்சு விட்டார்கள்.

வெயில்முத்து முட்டாள் இல்லை. ஊர் எதற்குச் சிரிக்கிறது, எதற்கு வாய் பிளக்கிறது என்று சன்னல் வழியாகவே கண்டுகொண்டான். ஒரு வெள்ளிக்கிழமை காலை எல்லா நிறமும் பூத்த சட்டையோடு, மீசையை முறுக்காமல், புன்னகையோடு தெருவில் இறங்கி நடந்தான். வெள்ளைச் சட்டையில் அவனைப் பார்த்து ஒதுங்கியவர்கள் இப்போது கிட்டே வந்தார்கள். குழந்தைகள் அவன் மேல் வந்து ஒட்டிக்கொண்டன. கிழவிகள் நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார்கள். எல்லாம் அம்மன் கொடுத்தது என்று அவன் சொன்னான், அம்மன் மறுக்கவில்லை. ஒருத்தி தன் மகளின் முகூர்த்தத்துக்கென்றே ஒரு வெள்ளைச் சேலை வாங்கிக் கொண்டுவந்து, தலைவரே, ஒரு நிமிஷம் தோளில் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள். அவன் போட்டான், அது பூத்தது. அதற்கப்புறம் அவன் வாசலில் வெள்ளைத் துணியோடு நின்ற வரிசை தெருவைச் சுற்றி வளைத்துத் தேர் நிற்கிற தேர்முட்டி வரை போனது.

ஊர் எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டது தெரியுமா? சித்திரைத் திருவிழாவுக்கு வெயில்முத்து தோள் சேலை, வளைகாப்புக்கு வெயில்முத்து தோள் சேலை, நிச்சயதார்த்தத்தில் பெண்வீட்டார் அதையும் சேர்த்துக் கேட்டார்கள், கொடுக்க முடியாத வீட்டில் சம்பந்தம் முறிந்தது. வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள், வந்தவர்கள் சுங்குடித் தெருவிலும் நாலு சேலை வாங்கிப் போனதால் தெருவுக்கும் நல்ல வியாபாரம். நிறம் என்றால் நம் ஜனங்களுக்கு உயிர், கருமாதி முடிந்த கையோடு வண்ணச் சேலைக்கு ஏங்குகிற மனசு, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிறம் எந்தத் தோளிலிருந்து வருகிறது, அந்தத் தோளுக்குக் கீழே இருக்கிற கை என்ன செய்தது என்று தெரிந்தே வரிசையில் நின்றார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தேர்தல் வந்தது, எதிர்த்து நின்றவனுக்கு அவன் வீட்டு ஓட்டே விழவில்லை. வெயில்முத்து கவுன்சிலரானான். பொட்டலில் மண்டபத்தின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள்.

யமுனாபாய் உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அவள் சொந்த நகத்தால் கிள்ளி, சொந்தப் புருஷன் கலந்த சாயத்தில் தோய்த்து, அவனை ராஜாவாக்கிவிட்டாள். முடிச்சை வெட்டிப் போட்டுவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தாள். தனியாக இருட்டில் வெட்டினால் அவன் வெள்ளைக்குத் திரும்புவான், ஊர் ஒரு வாரம் வருத்தப்படும், அவன் பழையபடி மிரட்டப் போவான், அவன் வாய் திறந்து ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான். தவிர, கட்டினவள் அவிழ்க்கக் கூடாது. கத்தரிக்கோலை வைத்துவிட்டாள்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்குக் கோவர்த்தனனின் கூடப்பிறந்த தங்கை சகுந்தலா வந்தாள். வாசற்படியில் அவள் நின்றதும் வீடு வெளிச்சமானது. மஞ்சளும் சிவப்பும் நீலமும் புள்ளியுமாக ஒரு சேலை கட்டியிருந்தாள். யமுனாபாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தவள் பாதி வழியில் நின்றாள். அவர்கள் தங்கள் வீட்டுப் பாஷையில் பேசிக்கொண்டார்கள், நான் தமிழில் சொல்கிறேன்.

"இது எங்க வாங்குனது, சகுந்தலா?"

சகுந்தலா முந்தானையை இழுத்துச் சுருட்டிக்கொண்டாள். "எல்லாரும் போனாங்க அண்ணி. என் மாமியாரும் போனாங்க. நான் மட்டும் வெள்ளையக் கட்டிட்டு மூலைல நிக்கணுமா?"

"ஒங்க அண்ணனக் கொன்னவன் தோள்ல போட்ட சேலை."

"தெரியும்" என்றாள் சகுந்தலா. அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "ஆனா இதக் கட்டுனப்புறம்தான் எங்க வீட்ல என்னைய ஒரு ஆளாப் பாக்குறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

யமுனாபாய் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பாடு போட்டாள். சேலையின் மடிப்பைச் சரி செய்துவிட்டாள், விரல் பட்ட இடத்தில் அந்தத் துணி எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பதை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது. நாத்தனார் போன பிறகு முகம் கழுவி, தலை வாரி, வெயில்முத்துவின் வீட்டுக்கு நடந்து போனாள். வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்து, வந்துவிட்டாயா, வா வா என்று சந்தோஷமாக இடம் கொடுத்தார்கள்.

அவன் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு நாற்காலி போட்டான். அவள் உட்காராமல் விஷயத்தைச் சொன்னாள். அவன் உடம்பில் பூப்பதெல்லாம் அவன் கோவர்த்தனன் மேல் போர்த்திய கோடியிலிருந்து வருகிறது, அதைத் தான் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து வைத்திருக்கிறாள், இன்னும் அவிழ்க்கவில்லை. வெயில்முத்து கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். மதுரையில் பிறந்தவனுக்கு அவிழ்க்காத சுங்குடி பாதிச் சேலைதான் என்று தெரியும். பாதியே ஒருவனைக் கவுன்சிலராக்கியிருக்கிறது என்றால் முழுசு என்னவாக்கும் என்று அவன் கணக்குப் போடுவது அவன் கண்ணிலேயே ஓடியது.

"அவுத்தா என்ன வரும்?" என்று கேட்டான்.

"நான் கட்டுனவ. நான் அவுக்கக் கூடாது. துணி வாங்குனவர்தான் இழுக்கணும். நீங்கதான வாங்குனீங்க?"

"முடிச்சுக்குள்ள என்ன வச்சுக் கட்டுன?"

"நான் ஒண்ணும் வைக்கல. நீங்க போத்துனப்ப துணில என்ன இருந்துச்சோ அதுதான் இருக்கு."

அவன் கணக்கைத் தொடர்ந்தான். அவன் போர்த்தியது பால் மாதிரி வெள்ளைத் துணி. முடிச்சுக்குள் எப்போதும் வெள்ளைதான் இருக்கும், அவன் ஆத்தா கட்டிய சேலையிலும் அப்படித்தான், ஆத்தாளின் ஆத்தா கட்டிய சேலையிலும் அப்படித்தான், பிறந்ததிலிருந்து அவன் பார்த்த எந்த முடிச்சும் அவிழ்ந்து வேறு நிறம் காட்டியதில்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். மண்டபத் திறப்பு விழாவன்று மேடையில் வைத்து இழுத்துவிடலாம் என்று சொல்லி, அவளுக்கு ஒரு அழைப்பிதழும் கொடுத்தான்.

மண்டபத் திறப்பு விழாவுக்கு வராதவர்கள் படுத்த படுக்கையில் இருந்தவர்கள்தான், அவர்களிலும் சிலர் கட்டிலோடு வந்தார்கள். துணி காய்ந்த பொட்டலில் இப்போது சலவைக்கல் தரை. ஆண்கள் அவன் தோள் சட்டையில், பெண்கள் அவன் தோள் சேலையில், கைக்குழந்தைகள் அவன் தோள் துண்டில். கூரைக்குக் கீழே அத்தனை நிறமும் அசைவதைப் பார்த்தால் சத்தியமாக அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மேளம் நின்றது. யமுனாபாய் சாதாரணக் கைத்தறிச் சேலையில் மேடையேறி, பூசணிப் பிஞ்சு அளவு மூட்டையின் மேல்கயிற்றை மட்டும் பிரித்து, ஒரு முனையை வெயில்முத்துவிடம் கொடுத்தாள். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும், கட்டினவள் பிடிக்கக் கூடாது. செத்தவரின் தங்கையை அழைத்தாள். சகுந்தலா வந்து பிடித்துக்கொண்டாள். எதைப் பிடிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

இருவரும் இழுத்தார்கள். முடிச்சுகள் பட்பட்டென்று தெறித்தன, நூல் உதிர்ந்து மேடையெல்லாம் விழுந்தது, துணி விரிந்துகொண்டே போனது, வெயில்முத்து சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தான். கடைசி முடிச்சும் தெறித்தபோது நாலு முழமும் நீண்டு நின்றது. மஞ்சளும் சிவப்பும் நீலமும் அதில் சாதாரணமாகத்தான் இருந்தன. வெள்ளைப் புள்ளி மட்டும் ஒன்றுகூட இல்லை. நெஞ்சில், விலாவில், தலைமாட்டில், முடிச்சு இருந்த ஒவ்வொரு இடத்திலும் ரத்தம் இருந்தது, இப்போதுதான் கசிந்த மாதிரி ஈரமாக, மினுமினுப்பாக. சாயம் தொடாமல் முடிச்சு அதை அப்படியே வைத்திருந்தது. ஒரு ஆள் நீட்டிப் படுத்திருந்த உருவம் அந்தப் புள்ளிகளில் தெரிந்தது. சகுந்தலா தன் முனையை விடவில்லை. அவள் அந்த உருவத்தைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

ஆனால் கூட்டம் துணியைப் பார்க்கவில்லை. கூட்டம் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மண்டபம் முழுக்க, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை, சட்டை, சேலை, ரவிக்கை, பட்டுப்பாவாடை, எல்லாவற்றிலிருந்தும் நிறம் வடிந்து போய்விட்டது. எல்லோரும் வெள்ளையில் நின்றார்கள். கோவர்த்தனன் செத்த அன்று வந்து நின்றிருக்க வேண்டிய கூட்டம், அப்போது வராதது, இப்போது வந்து நின்றது.

முதலில் ஒரு பெண் எழுந்து, என் சேலை எங்கே என்று கேட்டாள். இன்னொருத்தி என் மகள் கல்யாணம் தை மாசம், இப்போது நான் என்ன செய்வேன் என்று கேட்டாள். பிறகு எல்லோரும் எழுந்தார்கள், நாற்காலிகள் சாய்ந்தன, என்ன செய்தாய், என்னடா செய்தாய் என்று மேடையை நோக்கி வந்தார்கள். கோவர்த்தனனுக்காக எழுந்தார்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. சேலைக்காகத்தான் எழுந்தார்கள். வெயில்முத்துவுக்கு அது எப்படித் தெரியும்? அவன் கையில் ரத்தம் ஒட்டியிருந்தது, எதிரில் ஊரே வெள்ளை கட்டிக்கொண்டு என்ன செய்தாய் என்று கேட்டு வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். எந்தக் கேள்விக்கு அவன் பயந்து கிடந்தானோ அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டான்.

"நான் அடிக்கல. நான் புடிச்சுக்கத்தான் சொன்னேன். அடிச்சது அவனுங்க" என்றான். மைக் முன்னால் நின்று சொன்னான். "தலைய நான்தான் தண்ணிக்குள்ள அமுக்குனேன். ஆனா அடிக்கல."

மைக் அதை மண்டபத்துக்கும் தெருவுக்கும் தேர்முட்டிக்கும் சொன்னது. கூட்டம் ஒரு நொடி நின்றது. அதற்குள் சகுந்தலா துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மேடையிலேயே அவனைச் செருப்பால் அடித்தாள். அதன் பிறகு யார் யார் எதற்காக அடித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அண்ணனுக்கு ஒரு அடி, சேலைக்குப் பத்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பின்னால் ஒருத்தர் யமுனாபாயிடம் வருத்தமாகச் சொன்னபோது, எந்த விறகில் எரிந்தால் என்ன, உலை கொதித்தால் சரி என்றாள்.

வழக்கு நடந்தது, நடக்கிறது, இன்னும் நடக்கும். அவன் ஜாமீனில் வந்துவிட்டான், அதை யமுனாபாய் எதிர்பார்த்தே இருந்தாள். ஆனால் வெளியே வந்தவனுக்கு ஊரில் இடமில்லாமல் போனது. அவன் மேல் இப்போது எந்த நிறமும் நிற்பதில்லை, அவன் கிட்டே போனால் அடுத்தவர் மேலும் நிற்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் சேலை வெளுத்தது, ஜவுளிக்கடை வாசலைத் தாண்டினால் கண்ணாடிக்குள் தொங்கிய பட்டு வெளுத்தது. கொலை செய்தவனைச் சகித்துக்கொண்ட ஜனங்கள் நிறத்தைக் குடிக்கிறவனை ஒரு நாள்கூடச் சகிக்கவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, கோயிலுக்குள் விடவில்லை, பஸ்ஸில் ஏற்றவில்லை. அவன் தெருவில் வருவது தெரிந்தால் பெண்கள் கொடியில் கிடப்பதை அவசரமாக உருவிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பெண்டாட்டி புடவைகளை எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெளுத்த வீடு, வெளுத்த பாய், அவனுக்கு என்ன குறை? கஞ்சி போட்ட வெள்ளைதானே கேட்டான்.

மண்டபத்தில் ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. யாரும் உத்தரவு கொடுக்காமலே, ஒரு வாரம் பொறுத்து, தூணுக்குத் தூண் கயிறு கட்டி மறுபடியும் அங்கேயே துணி காயப்போட ஆரம்பித்தார்கள். பக்கச்சுவர் இல்லாத மண்டபம், சலவைக்கல் தரையில் வெயில் நன்றாகத்தான் அடித்தது. யமுனாபாய் பட்டறையைத் திறந்து தானே சாயம் தோய்த்தாள். அரக்குச் சிவப்பில் சேலை கட்டிக்கொண்டாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லிப் பார்க்கட்டும் என்றுதான் அவளும் கட்டினாள்.

ஒரு காலை அவள் ஈரச் சேலைகளை விரித்துக்கொண்டிருந்தபோது வெயில்முத்து வந்தான். அவன் வருவதற்கு முன்னால் கடைசிக் கயிற்றில் கிடந்த ஊதா வெளுக்க ஆரம்பித்தது, அதைப் பார்த்துத்தான் அவள் திரும்பினாள். மெலிந்து போயிருந்தான். தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். தன் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான், அதில் ஒரே ஒரு முடிச்சாவது கட்டித் தரச் சொன்னான். ஒரு புள்ளி நிறம் உடம்பில் நின்றால் போதும், மனுஷர் முகத்தைப் பார்த்து நாளாகிவிட்டது என்றான். குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

யமுனாபாய் கையிலிருந்த சேலையை உதறாமல் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் கடைசியா ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

ஊதாச் சேலை முழுக்க வெளுத்து முடிந்தது.

"சண்டைக்கே வரல அவரு" என்றான். "கையெடுத்துக் கும்புட்டாரு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, துணி காயுதுன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

யமுனாபாய் சேலையை இரண்டு கையாலும் உதறினாள். அதன் ஈரம் அவன் முகத்தில் தெறித்தது. அடுத்த கயிற்றுக்குப் போய், சேலையை விரித்து, ஓரங்களை இழுத்து நேராக்கிவிட்டு, அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"தள்ளி நில்லுங்க. துணி காயுது."